பெட்டிக்கு மானியமா, தேனீக்கு மானியமா?

சிறு கைத்தொழில்களைத் தொடங்குவோருக்குச் சர்க்கார் பொருளுதவி செய்வது புதிய வழக்கமன்று. நில அபிவிருத்திக் கடன் சட்டம் 1883-ஆம் ஆண்டிலும், விவசாயிகள் கடன் சட்டம் 1884-ஆம் ஆண்டிலும் ஏற்பட்டன. கிணறு தோண்டவும், உழவு மாடு வாங்கவும், விதை வாங்கவும் குடியானவர்கள் பெற்றுவந்த தக்காவிக் கடன் இவற்றின்படி அளிக்கப்பட்டதேயாகும். தொழில்களுக்கு இராஜாங்க உதவி அளிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1922-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இவற்றுக்கு இடைப்பட்ட காலத்தில் ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் என்பவர் சென்னை சர்க்காரின் பொருட்டு விவசாய பாங்கிகளைப் பற்றி ஆராய்ந்து, 1895 முதல் 1897 வரையில் பெரியதோர் அறிக்கையை வெளியிட்டார். ஜெர்மனியில் ரைபைஸன் என்பவர் ஏற்படுத்திய கிராம நாணய சங்கங்களைப் போன்றவை இந்நாட்டிலும் தோன்ற வேண்டுமென்பது அவருடைய முடிவு. 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் அதன் பின்னரே வந்தது.

ஆகவே, கொடுக்கலாமா கூடாதா என்ற விவாதம் பழையதாய்ப் போயிற்று. எதற்குக் கொடுப்பது, எப்பொழுது கொடுப்பது, எவ்வாறு கொடுப்பது என்பவையே இப்பொழுது ஆராயத்தக்கவை. மானியம் என்ற சொல் முற்காலத்தில் ரொக்கத்தைக் குறித்ததன்று என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. கோயிற் பணி செய்வோருக்கும், ஊருக்கு உழைக்கும் தொழிலாளருக்கும் தீர்வையை நீக்கியோ குறைத்தோ விடப்பட்ட நிலமே மானியம் எனப்பட்டது. அதை அனுபவித்தவன் அதற்கு ஈடாக ஓர் ஊழியத்தைத் தொடர்ந்து செய்துவந்தான். இக்காலத்து மானியம் நிலமாக இராமல் ரூபாயாக மாறிவிட்டது. ஊழியத்தை அளப்பதற்குப் பதிலாக இயந்திரத்தின் விலைச்சீட்டை அளக்கிறது. இம்மாறுதலில் இலாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு.

இந்நூற்றாண்டில் ஏற்பட்ட திட்டங்களின் தொகை சிறிதன்று. 2008-ஆம் ஆண்டில் பாரதப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் தொடங்கிற்று. 2012-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு சர்க்கார் படித்த இளைஞர்களுக்கென்று நீட்ஸ் எனப்படும் புதிய தொழில்முனைவோர் திட்டத்தைத் தொடங்கி, திட்ட மதிப்பில் 25 சதவீதம் மானியம் அளித்தது. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29-ந் தேதி, உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில்களை முறைப்படுத்துவதற்காக மத்திய சர்க்கார் 10,000 கோடி ரூபாய் மதிப்பில் ஒரு திட்டத்தை வகுத்தது. 2023-ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் தொழில் தொடங்குவதற்காக அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத மானியத்துடன் வந்தது. புத்தொழில் அல்லது ஸ்டார்ட்-அப் என்று பத்திரிகைகள் எழுதுகின்றவை வேறு ஒரு வகுப்பு. மத்திய சர்க்காரின் ஸ்டார்ட்-அப் இந்தியா இயக்கம் 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிற்று. தமிழ்நாட்டுப் புத்தொழில் இயக்கம் டான்சீட் என்னும் பெயரால் 10 லட்ச ரூபாய் தொடக்க நிதி அளித்தது. இதுவரை எவரும் செய்யாத ஒன்றைச் செய்யப் புகுவோருக்கே இவை உரியவை. பாட்டன் காலத்துத் தொழிலைச் சற்றே திருத்திச் செய்ய விரும்பும் கிராமவாசிக்கு இவற்றால் நேரே பயன் இல்லை. அதைக் குறையாகச் சொல்லுவதற்கும் இல்லை.

கன்னியாகுமரி ஜில்லாவில் இந்த விஷயம் வெறும் பேச்சாக இருக்க முடியாது. நாஞ்சில் நாடு என்று ஜில்லா முழுவதையும் சொல்லிவிடும் வழக்கம் இருப்பினும், தோவாளை, அகத்தீஸ்வரம் தாலூகாக்களே உண்மையான நாஞ்சில் நாடு. கல்குளமும் விளவங்கோடும் மேற்கே மலையடிவாரத்தைச் சேர்ந்தவை. நான்கும் திருவிதாங்கூர்-கொச்சி இராஜ்யத்திலிருந்து பிரிந்து 1956-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1-ந் தேதி சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தன. அதற்கு முன் சென்னைச் சட்டங்கள் இங்கே செல்லவில்லை. 1906-ஆம் ஆண்டில் முடிவுற்ற பேச்சிப்பாறை அணையினால் கிழக்கே வயல்கள் இருபோகம் கண்டன. இன்று அவ்வயல்களில் பல தென்னந்தோப்பாகவும், வாழைத் தோட்டமாகவும், வீட்டுமனையாகவும் மாறிவிட்டதை யாவரும் காண்கின்றனர். பங்கு பிரிந்து பிரிந்து நிலம் சென்டுக் கணக்கில் வந்து நிற்கையில், நெல்லை மட்டும் நம்பி ஒரு குடும்பம் ஜீவிப்பது அரிது. விவசாயத்தோடு ஒட்டிய ஒரு சிறுதொழில் இருந்தாலன்றி இளைஞர்கள் கிராமத்தில் தங்குவார்கள் என்று எதிர்பார்க்க இயலாது. அத்தகைய தொழில்களுள் இந்த ஜில்லாவுக்கே பெயர் வாங்கித் தந்தது தேனீ வளர்ப்பு. சர்க்கார் உதவியின் குணதோஷங்களை அதைக் கொண்டே நன்கு விளக்கலாம்.

மார்த்தாண்டத்தில் அத்தொழில் வேரூன்றிய வரலாறு கவனிக்கத்தக்கது. கிராமப் புனருத்தாரண வேலையைக் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் காரியமாக ஆக்கியவர் சேலத்தைச் சேர்ந்த கே. டி. பால். அவ்வழியில், அமெரிக்கரான டாக்டர் ஸ்பென்ஸர் ஹாட்ச் 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒரு நிலையத்தை ஏற்படுத்தினார். அந்நிலையத்தில் கோழி வளர்த்து முட்டையைத் தரம் பிரித்துக் கூட்டாக விற்றார்கள், பனை வெல்லத்தைச் சுத்தமாகக் காய்ச்சினார்கள், நெசவு செய்தார்கள், தேனீ வளர்த்தார்கள். பாதிரியார் நியூட்டன் என்பவர் திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் சில ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டுத் தேனீயின் உடலளவுக்கு ஏற்பச் சிறிதாக அமைத்த சட்டப் பெட்டி இத்தொழிலுக்குப் பெருந்துணையாயிற்று. மேல்நாட்டுத் தேனீ பெரியது, அதன் பெட்டியும் பெரியது. அப்பெட்டியில் நாட்டுத் தேனீயைக் குடியேற்றினால் அது நிலைத்து வாழாது. நியூட்டன் பெட்டியை உள்ளூர்த் தச்சனே செய்து கொடுக்கலாம். மரமும் அயலிலிருந்து வரவேண்டுவதில்லை.

ஹாட்ச் கைக்கொண்ட கொள்கை இக்காலத்து மானியக் கணக்குக்கு நேர் எதிரானது. பணத்தைக் கையில் கொடுப்பது அவர் முறையன்று. கிராமத்தான் தன் சொந்த முயற்சியாலேயே செய்யக்கூடிய அளவுக்குத் தொழிலைச் சிறிதாக்க வேண்டும். அதைச் செய்கையில் தொழில் தெரிந்தவன் ஒருவன் அவன் பக்கத்திலேயே இருந்து புத்தி சொல்ல வேண்டும் என்பதே அவருடைய வழி. 1932-ஆம் ஆண்டில் அவர் எழுதி வெளியிட்ட நூலில் இம்முயற்சிகள் விரிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. பின்னர் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, சிறுகச் சிறுகக் கிடைத்த தேனை ஒன்று சேர்த்து விற்கத் தொடங்கிற்று. மார்த்தாண்டம் தேன் என்ற பெயர் இவ்வாறு உண்டாயிற்று. அது மானியத்தால் உண்டான பெயரன்று. எனினும் அதைச் சொல்லி மானியமே வேண்டாமென்று வாதிப்பது பொருந்தாது. பெருந்தொழில் நடத்துவோர் நிலத்திலும், மின்சாரத்திலும், வரியிலும் சலுகை பெறுகிறார்கள். அதைப் பெரும்பாலும் எவரும் பிச்சை என்று சொல்லுவதில்லை. பத்துப் பெட்டி வைத்துப் பிழைப்பவன் பெறும் உதவிக்கு மட்டும் அப்பெயரைச் சூட்டுவது நியாயமன்று.

தேனீ வளர்ப்பின் ஆண்டுக் கணக்கு எத்தகையது என்பதை அறியாதவர்கள் மானிய விதிகளை வகுக்கும்போதுதான் தொல்லை பிறக்கிறது. இப்பகுதித் தேனுக்கு இரப்பர் மரமே பெரும் ஆதாரம். அதிலும் ஒரு விந்தை உண்டு. இரப்பர்த் தேன் பெரும்பாலும் பூவிலிருந்து வருவதன்று. மரங்கள் இலையுதிர்த்து, தை, மாசி மாதங்களில் துளிர்க்கின்றன. இளம் இலையின் காம்பு நுனியில், மூன்று சிற்றிலைகளும் கூடும் இடத்திலுள்ள சுரப்பிகளிலிருந்து இனிய நீர் கசிகின்றது. தேனீக்கள் அதை மொய்க்கும். இலை முற்றியதும் அந்த ஊற்று நின்றுவிடும். ஆகவே ஜனவரி முதல் ஏப்ரல் வரையில் சில வாரங்களே அறுவடைக் காலம். அதற்குப் பின் மழைக்காலம் முழுவதும் பஞ்சந்தான். சர்க்கரைப் பாகு வைத்துக் கூட்டங்களைப் பட்டினியிலிருந்து காக்க வேண்டும். எறும்பு, மெழுகுப் பூச்சி, ஈரம் ஆகியவை இக்காலத்துப் பகைகள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கூட்டங்கள் வலுப்பெறும். அப்பொழுதுதான் ஒன்றை இரண்டாகப் பிரிக்கலாம். பிறகு பெட்டிகளை வண்டியேற்றி, மலையடிவாரத் தோட்டங்களுக்கும், எல்லை தாண்டிக் கேரளத்துத் தோட்டங்களுக்கும் கொண்டு செல்வார்கள். வருமானம் வருவது மூன்று நான்கு மாதங்கள். செலவு பிடிப்பதோ பன்னிரண்டு மாதங்கள்.

பாங்கிக் கடனின் தவணை மாதந்தோறும் வந்து நிற்கும். தேன் அவ்வாறு வருவதில்லை. ஆடி மாதத்தில் சர்க்கரை வாங்கவே கையில் காசில்லாதவன், அம்மாதத்துத் தவணையை எங்கிருந்து கட்டுவான்? பாகுக்கு ஒதுக்கிய பணத்தைத் தவணைக்குக் கொடுப்பான். கூட்டங்கள் பட்டினி கிடந்து பெட்டியை விட்டு ஓடிப்போகும். அடுத்த தை மாதத்தில் பெட்டிகள் இருக்கும், இயந்திரம் இருக்கும், மானியம் கணக்கில் இருக்கும். தேனீ மட்டும் இராது. பயிர்க் கடனை அறுவடைக்குப் பின் வசூலிக்கும் வழக்கம் பாங்கிகள் நன்கு அறிந்ததே. தேனுக்கும் ஓர் அறுவடை உண்டென்று ஒப்புக்கொண்டு, தவணையைப் பிப்ரவரி முதல் மே வரையில் அமைத்துக் கொடுத்தால் சர்க்காருக்கு ஒரு காசும் அதிகச் செலவில்லை. மானியத்தைப் பத்து சதவீதம் உயர்த்துவதைக் காட்டிலும் இது பெரிய உபகாரமாகும்.

1991, 1992-ஆம் ஆண்டுகளில் நேர்ந்த விபத்தை மார்த்தாண்டம் பக்கத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாய் பைப்புழு நோய் எனப்படும் நச்சுயிர் நோய் தென்னிந்தியா முழுவதும் பரவிற்று. புழுக்கள் கூட்டுப்புழுவாக மாறுமுன் நீர் நிறைந்த பைபோல் ஊதி மடிந்தன. அதற்கு மருந்து கிடையாது. நாட்டுத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதி அழிந்தது. வீட்டுக் கொல்லைகளில் காலிப் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. பல குடும்பங்கள் தொழிலையே கைவிட்டன. தொழில் மறுபடி தலையெடுத்தது எவ்வாறு? நோய்க்குத் தப்பிய சில கூட்டங்களைத் தேடி, அவற்றைப் பேணி, பிரித்துப் பிரித்துப் பெருக்கியவர்களாலேயே. எந்தக் கூட்டம் தாங்கும், எது தாங்காது என்று பார்த்தறியும் கண்ணே அன்று மூலதனமாயிருந்தது. அந்தக் கண் விலைக்குக் கிடைப்பதன்று. அதை வளர்ப்பதற்கு எந்தத் திட்டத்திலும் தலைப்பு இல்லை. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்து வாழையையும் இரப்பரையும் வேரோடு சாய்த்தபோது, தேனீக்காரரின் அறுவடைக் காடும் அவற்றோடு சாய்ந்தது. விழுந்த மரத்துக்கு நஷ்ட ஈடு கேட்க மரத்தின் சொந்தக்காரர் உண்டு. அம்மரத்தின் துளிரை நம்பியிருந்தவனை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

கதர் கிராமத் தொழில் ஆணையம் 2017-ஆம் ஆண்டில் தொடங்கிய தேன் இயக்கத்தில் பயனாளிகளுக்குத் தேனீக் கூட்டங்களோடு பெட்டிகளும் கருவிகளும் பயிற்சியும் அளிக்கப்பட்டன. நல்ல முயற்சியே. ஆயினும் எத்தனை பெட்டிகள் வழங்கப்பட்டன என்பதே அறிக்கைகளில் முதல் வரியாக வருகிறது. மறு ஆண்டு மழைக்குப் பின் அவற்றுள் எத்தனை பெட்டிகளில் உயிர் இருந்தது என்பதன்றோ முதல் வரியாக வரவேண்டியது? இதற்கு வழி தேடி வெகுதூரம் போக வேண்டுவதில்லை. இதே ஜில்லாவின் இரப்பர்த் தோட்டக்காரர்கள் அறிந்த முறையே போதும். இரப்பர் வாரியம் நடவுக்கு அளித்துவந்த மானியம் ஒரே நாளில் கொடுக்கப்பட்டதன்று. கன்று நட்டபின் ஆண்டுதோறும் தோட்டத்தைப் பார்வையிட்டு, கன்றுகள் உயிரோடு வளர்ந்துவருவதைக் கண்ட பின்னரே அடுத்த பகுதி அளிக்கப்பட்டது. உயிருள்ள பயிருக்கு ஏற்ற விதி இது. தேனீக்கும் இதையே விதிக்கலாம். மானியத்தில் ஒரு பாதியைப் பெட்டி வாங்கும்போதும், மறுபாதியை முதல் மழைக்காலம் கடந்து உயிரோடு நிற்கும் கூட்டங்களின் எண்ணிக்கைப்படியும் கொடுத்தால், வாங்குபவனுக்கும் அக்கறை பிறக்கும். கொடுக்கும் உத்தியோகஸ்தருக்கும் தோட்டத்துக்குள் நடந்துபோக ஒரு காரணம் கிடைக்கும்.

பிரதமரின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் இதற்கு ஒப்பான ஒரு விதி ஏற்கெனவே இருந்தது. மானியத் தொகை தொழில் தொடங்கியவன் கைக்கு வரவில்லை. கடன் கொடுத்த பாங்கியிலேயே 3 ஆண்டுகள் வைப்பில் கிடந்து, தொழில் நடப்பதை நேரில் தணிக்கை செய்த பிறகு கடனில் கழிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட விதிகளின்படி கிராமத்துப் பெண் ஒருத்தி தேனைப் பக்குவப்படுத்திப் புட்டியில் அடைத்து விற்கும் தொழிலை 5 லட்ச ரூபாயில் தொடங்குவதாகக் கொள்வோம். அவள் கைப்பணம் 5 சதவீதம், அதாவது 25,000 ரூபாய். மானியம் 35 சதவீதம், 1,75,000 ரூபாய். மீதி 3,00,000 ரூபாயையும் வட்டியையும் அவள் திருப்பிச் செலுத்த வேண்டும். மானியம் வாங்கப் போகிறோம் என்று நினைத்து வருகிறவர்களுள் பலர், தாங்கள் வாங்குவது முதலாவதாகக் கடன் என்பதைத் தாமதித்தே உணர்கிறார்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக் கூலி வாங்குகிறவர்களும் அதை விளக்கிச் சொல்லுவதில்லை. வைப்பில் கிடக்கும் தொகைக்கு ஈடான கடன் பகுதிக்கு வட்டி கிடையாது என்பது மட்டும் ஆறுதல். ஈடு காட்டச் சொத்தில்லாதவர்களைத் திருப்பியனுப்பும் வழக்கத்தைக் கருதியே, சிறுதொழிற் கடன்களில் 10 லட்ச ரூபாய் வரையில் ஈடு கேட்கலாகாதென்று ரிசர்வ் பாங்கி 2010-ஆம் ஆண்டில் கட்டளையிட்டது. இவ்விதியை விண்ணப்பிப்பவர் தெரிந்து வைத்திருப்பது நலம்.

உணவுப் பதப்படுத்தும் திட்டத்தில் தனி மனிதருக்கு 35 சதவீதம், 10 லட்ச ரூபாய்க்கு மேற்படாமல் மானியம் என்று விதிக்கப்பட்டது. ஒரு சங்கமோ குழுவோ யாவருக்கும் பொதுவான ஒரு சாலையை அமைத்தால் அதே 35 சதவீதம் 3 கோடி ரூபாய் வரையிலும் கிடைக்கும் என்றும் வகுக்கப்பட்டது. முந்தியதைப் பலரும் நாடினர். பிந்தியதே இந்த ஜில்லாவுக்கு வேண்டியது. இரப்பர்த் தேனில் நீர் அதிகம். கடற்காற்றின் ஈரம் வேறு சேர்கிறது. நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் நீர் இருந்தால் தேன் புளித்து நுரைக்கும். தரக் கட்டளைக்கும் ஒவ்வாது. நீரை வற்றச் செய்யும் இயந்திரம் பத்துப் பேருக்கு ஒன்று வீதம் வாங்கி வைத்தால், ஆண்டில் எட்டு மாதம் அவை அத்தனையும் துணி போர்த்திக் கிடக்கும். முந்நூறு பேருக்கு ஒன்றாக வாங்கினால் அதனோடு ஒரு பரிசோதனைச் சாலையையும் சேர்த்து வைக்கலாம். 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் டில்லியிலுள்ள விஞ்ஞான சுற்றுச்சூழல் மையம் சந்தைத் தேன்களில் சர்க்கரைப் பாகுக் கலப்பு இருப்பதை வெளிப்படுத்தியபோது, தேன் என்ற பொருளின்மீதே ஜனங்களுக்கு ஐயம் உண்டாயிற்று. கலப்பில்லாத தேனை விற்பவன் அதை மெய்ப்பிக்க ஒரு சீட்டு வேண்டுமே. அச்சீட்டைத் தன் ஊரிலேயே பெற வழியிருந்தால், வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டிய நிலை குறையும். தேனீக்காரனுக்குப் பெரிய நஷ்டம் நோயாலும் மழையாலும் மட்டும் வருவதன்று. மார்ச்சு மாதத்தில் எல்லோரும் ஒருசேர விற்கப் போய் நிற்பதாலும் வருவது.

கொசுத் தேனீயின் கதை இதனினும் சிறியது, ஆனால் சொல்லத்தக்கது. சிறுதேன் என்று வைத்தியர்கள் விரும்பி வாங்கும் அத்தேனை, மண்பானையிலும் மூங்கிலிலும் வீட்டு இறவாணத்திலேயே வளர்த்துவிடலாம். வயதான பெண்கள்கூடச் செய்யும் தொழில் இது. பத்தாயிரம் ரூபாய் இருந்தால் போதும். அந்தப் பத்தாயிரத்தைக் கடன் கொடுக்கத்தான் ஆளில்லை. திட்ட அறிக்கை எழுதும் கூலியே அதில் பெரும் பகுதியாகிவிடும். மேற்படி உணவுப் பதப்படுத்தும் திட்டத்தில் சுய உதவிக் குழுப் பெண்களுக்கு ஆளுக்கு 40,000 ரூபாய் வரையில் தொடக்க மூலதனம் என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. சிறு கருவிகளுக்கும் நடைமுறைச் செலவுக்கும் அதைக் கொள்ளலாம். குழுவின் மூலமாகவே அது வந்தது. பெரிய தொகைகளைப் பற்றிய ஆரவாரத்தில் இச்சிறு பிரிவு கவனிக்கப்படாமற் போயிற்று. நிக்கல்ஸன் விரும்பிய கூட்டம் இத்தகையதுதான் என்று சொன்னால் மிகையாகாது.

இதே குறை பிற தொழில்களிலும் காணப்படுகிறது. தோவாளைப் பூச்சந்தையில் மாலை கட்டுவோரைப் பாருங்கள். அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மணி பதித்தாற்போல் மடித்துத் தொடுக்கும் மாணிக்க மாலைக்கு 2025-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய விசுவகர்மாத் திட்டத்தின் 18 தொழில்களுள் மாலை கட்டுவதும் ஒன்று. கருவிகளுக்கென்று 15,000 ரூபாய் உதவியும் அதில் வகுக்கப்பட்டது. மாலை கட்டுபவனுக்குக் கருவி என்ன? விரலும் நாருமே. முகூர்த்த நாளின் விடியற்காலையில் பூ விலை ஏறி நிற்கையில் வாங்குவதற்குக் கைப்பணம் வேண்டும். அதற்காக அவன் தினவட்டிக்குப் போகிறான். 2020-ஆம் ஆண்டு ஜூனில் நகரத் தெருவோர வியாபாரிகளுக்கென்று ஒரு திட்டம் வந்தது. இயந்திரம் எதுவும் கேளாமல் முதலில் 10,000 ரூபாயும், அதைச் சரியாகத் திருப்பிக் கட்டியபின் அதனிலும் கூடுதலாகவும் கொடுத்தது. தச்சனுக்கும் கொல்லனுக்கும் கருவி தேவை, பூக்காரனுக்கும் தேனீக்காரனுக்கும் கைமுதல் தேவை என்ற இவ்வேற்றுமையை ஒரே விண்ணப்பப் படிவத்தில் அடக்க முயலுவதால்தான் பணம் செலவாகியும் காரியம் நடவாமல் போகிறது. மட்டி வாழைக்கு 2023-ஆம் ஆண்டில் குறியீடு கிடைத்தது. அது சில நாட்களிலேயே கனிந்து உதிரும் பழம். அதற்கு வேண்டுவது இன்னதென்று தோட்டக்காரரைக் கேட்டால் விளம்பரம் என்று சொல்லமாட்டார், வண்டி என்று சொல்வார்.

தொழில் தெரிந்தவன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஹாட்சின் கருத்தை எல்லைக்கு அப்பால் வேறு உருவத்தில் செய்து பார்த்தார்கள். கேரள சர்க்கார் 2022-23-ஆம் ஆண்டைத் தொழில்முனைவு ஆண்டாகக் கொண்டு, ஒவ்வொரு உள்ளாட்சி மன்றத்திலும் தொழில் தொடங்குவோருக்கு வழிகாட்ட ஓர் இளைஞரை அமர்த்திற்று. அங்கே தொடங்கியவையெல்லாம் நிலைத்தனவா என்பதில் வாதப் பிரதிவாதங்கள் உண்டு. ஆனால் விண்ணப்பம் கொடுக்க ஜில்லாத் தலைநகருக்கு மூன்று முறை நடந்து, மூன்று நாட்கூலியை இழக்கும் தொல்லை அதனால் குறைந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. இந்த ஜில்லாவில் தேனீயை அறிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மானியம் பெற்ற புதியவர்களின் பெட்டிகளை மழைக்காலத்தில் மாதம் இருமுறை பார்த்துவர அவர்களுள் சிலருக்குச் சம்பளம் கொடுப்பதாயின், ஒருவருடைய ஆண்டுச் சம்பளம் சில பெட்டி மானியங்களின் அளவே ஆகும். தணிக்கை செய்ய வருகிறவர் ரசீதைப் பார்ப்பார்; இம்முதியவர் சட்டத்தைத் தூக்கி இராணியைப் பார்ப்பார்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கார் கணக்காண்டு மார்ச்சில் முடிவதால், ஒதுக்கிய தொகையைச் செலவிடும் அவசரம் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பிறக்கிறது. அம்மாதங்களில் மஞ்சூராகி வந்துசேரும் பெட்டிகளை வாங்கி வைத்தவர், முற்றிப்போன இரப்பர் இலையின்கீழ் அவற்றை வைத்து, உடனே எதிர்வரும் மழைக்காலப் பஞ்சத்துக்குச் சர்க்கரை தேட வேண்டியவராகிறார். முதல் ஒன்பது மாதமும் அவருக்குச் செலவே. கூட்டங்களைப் பிரிக்கும் அக்டோபருக்குள் பெட்டி கைக்கு வரவேண்டுமாயின், விண்ணப்பம் ஜூன் மாதத்துக்குள் போக வேண்டும். பாங்கியின் சம்மதம் ஆகஸ்டுக்குள் கிடைக்க வேண்டும். தேனீ வளர்க்கக் கருதுவோர் ஆனி மாதத்திலேயே நாகர்கோவிலிலுள்ள மாவட்டத் தொழில் மையத்தில், அவ்வாண்டில் எத்திட்டம் நடைமுறையில் இருக்கிறது, அதன் வரம்பு யாது, பாங்கிக் கிளை எது என்பவற்றை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விண்ணப்பத்தில் திருப்பிச் செலுத்தும் காலம் என்னும் இடத்தை வெறுமையாக விடாமல், மாசி முதல் வைகாசி வரையில் என்று காரணத்தோடு எழுதிக் கேட்பதற்கு எந்த விதியும் தடையாக இல்லை.